மூன்றாவது தட்டு

“இன்னொரு பஃப் வாங்கு” என்றாள் சண்முகத்தாய்.

“அக்கா, வயித்துல இடம் இல்ல. இனிமே வாங்குனா சட்டைப் பையிலதான் போடணும்.”

“போடு. ஆனா வாங்கு. வாங்குறவன்கிட்டதான் கடைக்காரரு வாயைத் தொறப்பாரு.”

அய்யப்பன் பெருமூச்சு விட்டபடி எழுந்தான். வெளியில் கொடைக்கானல் மலை மூடுபனிக்குள் முகம் காட்டாமல் கிடந்தது. நாற்பதைத் தாண்டிய அய்யப்பன், சிவகாசிக் காலண்டர்களை ஊர் ஊராகச் சுமந்து விற்றவன். இப்போது சண்முகத்தாயின் துப்பறியும் ஆபீசில் கார் ஓட்டுவது, ஆள் விசாரிப்பது, அசட்டு ஜோக் அடிப்பது மூன்றும் அவன் பொறுப்பு. அந்த ஆபீஸ் சிவகாசியில் ஓர் அச்சகத்தின் மாடியில் இருந்தது. சண்முகத்தாய் போலீஸில் ஏட்டாக இருந்து, மேலதிகாரிகளோடு ஒத்துவராமல் வேலையை உதறிவிட்டு வந்தவள்.

உண்மையைச் சொன்னால், முட்டை பஃப் விஷயத்தில் அய்யப்பனுக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். ஊரில் பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டியாகிவிட்டது. தீச்சட்டி எடுக்க நேர்ந்துகொண்ட அவன் மனைவி மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்ட நாளிலிருந்து வீட்டில் முட்டை ஓட்டைக்கூடக் கண்ணில் காட்டவில்லை. ஆனால் காரில் ஏறியபோது இருந்த சந்தோஷத்தை, நேற்று பார்த்த கற்பகவல்லியின் முகம் பாதி தின்றுவிட்டிருந்தது.

கற்பகவல்லியின் கணவன் தனுஷ்கோடி, சிவகாசி பக்கம் எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனியின் ஃபோர்மேன். சனிக்கிழமை ராத்திரி பதினொரு மணி வாக்கில் அந்தக் கம்பெனியின் வெடிமருந்து குடோன் வெடித்துச் சிதறியது. வாட்ச்மேன் கோட்டைச்சாமிக்குத் திருவிழா லீவு கொடுத்திருந்ததால் உள்ளே ஆள் இல்லை என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறிய பிறகு, ஆடு மேய்க்கப் போனவர்கள்தான் பின்னாலிருந்த சீமைக்கருவேல முள்ளுக்குள் அவரைக் கண்டார்கள். லீவை மறந்தாரோ, விசுவாசம் மிஞ்சியதோ, மனிதர் காவலுக்குத் திரும்பி வந்திருக்கிறார். இப்போது மதுரையில் உடம்பெல்லாம் கட்டோடு, பேச்சு மூச்சில்லாமல் கிடந்தார்.

குடோன் கதவு உடைக்கப்படவில்லை. இடிபாட்டில் கிடந்த பூட்டு சாவி போட்டுத் திறக்கப்பட்டிருந்தது. சாவி மொத்தம் இரண்டு. ஒன்று தனுஷ்கோடியிடம். இன்னொன்று முதலாளி வீட்டில். முதலாளியம்மா ஐஸ்வர்யாவும், அவள் கணவன் ஹரிஷ்குமாரும், மகள் பிரீத்திகாவும் சனிக்கிழமை காலையிலேயே கொடைக்கானலுக்குப் போய்விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் திரும்பினார்கள். இதை அவர்களே சொன்னார்கள். சாப்பிட்ட இடங்களில் எடுத்த போட்டோக்களையும் போலீசிடம் கொடுத்தார்கள். அப்புறம் மிச்சம் இருப்பது யார்? ஞாயிறு சாயங்காலம் தனுஷ்கோடி கைதானான்.

“நாளைக்குச் சாயங்காலம் கோர்ட்டுல நிறுத்துறாகளாம்க்கா” என்று நேற்று ராத்திரி கற்பகவல்லி அழுதாள். “ரிமாண்டுன்னு ஒரு வார்த்தை வந்துட்டா இந்தச் சுத்துவட்டாரத்துல எந்தக் கம்பெனியும் அவரை வாசல்ல சேக்காது. கோட்டைச்சாமி அண்ணனோட ஆளுக எங்க வீட்டு ஓட்டுமேல கல்லை விட்டெறியிறாக. தடை செஞ்ச மருந்து மூட்டையை உள்ள அடுக்காதீகன்னு சண்டை போட்டவரு அவரு. திங்கக்கிழமை சூலக்கரை ஆபீசுல இருந்து அதிகாரிக சோதனைக்கு வாராகன்னு தெரிஞ்ச மறுநாளே குடோனு எரியுது. அவரா கொளுத்துவாரு?”

அதனால்தான் விடியும் முன்னே கிளம்பி மலையேறி, இங்கே பஃப் தின்றுகொண்டிருக்கிறார்கள். முதலாளி குடும்பம் தின்ற இடமெல்லாம் தின்று பார்ப்பது என்பது சண்முகத்தாயின் திட்டம். தின்னும் பங்கு அய்யப்பனுக்கு. கேட்கும் பங்கு அவளுக்கு.

அய்யப்பன் போட்டோவைக் கல்லாவில் வைத்தான். அதில் இதே பேக்கரியின் மேஜை. ஒரு பெரிய கேக். ஹரிஷ்குமார், பிரீத்திகா, ஐஸ்வர்யா, மூன்று சிரிப்புகள்.

“வந்தாங்களே” என்றார் கடைக்காரர். “சனிக்கிழமை மத்தியானம். அந்த அம்மாவை மறக்க முடியுமா? ஒவ்வொரு தட்டா கையைக் காட்டி, இதுல முட்டை இருக்கா, அதுல முட்டை இருக்கான்னு கேட்டாங்க. கேக்குல இருக்கு, பஃப்ல இருக்கு, பிஸ்கட்லயும் இருக்குன்னேன். கடைசில எதிர்க்கடையில ரெண்டு மலைவாழைப்பழம் வாங்கிட்டு வந்து தின்னாங்க. தண்ணிகூட சொந்த பாட்டில்ல. பேக்கரிக்கு வந்து வாழைப்பழம் தின்ன முதல் ஆள் அவங்கதான்.”

“பாவம், பத்தியம்போல” என்றான் அய்யப்பன்.

 சண்முகத்தாய் போட்டோவைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். பிறகு எழுந்து நடந்தாள். அவள் பேசாமல் நடந்தால் மூளை ஓடுகிறது என்று அர்த்தம். அய்யப்பன் பஃப்பைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு பின்னால் ஓடினான்.

அடுத்தது ஏரிக்கரைக்கு மேலே இருந்த ஓட்டல். போட்டோவில் அங்கே சனிக்கிழமை ராத்திரிச் சாப்பாடு. ஹரிஷ்குமாரும் பிரீத்திகாவும் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். மேஜைமேல் மூன்று தட்டுகள். அவர்கள் தலைக்கு மேலே சுவர்க்கடிகாரம் ஒன்பதைத் தாண்டியிருந்தது. “மூணாவது தட்டு என் வீட்டம்மாவோடது. போட்டோ எடுத்தது அவதான், அதான் படத்துல இல்ல” என்று ஹரிஷ்குமார் போலீசிடம் சொல்லியிருந்தான்.

குரங்குக் குல்லாவும் ஸ்வெட்டருமாக வந்த சர்வர், படத்தைப் பார்த்ததும் தலையாட்டினார்.

“இதே டேபிள்தான் சார். ராத்திரி ஒன்பது ஒன்பதரை இருக்கும். சாப்பிட்டுட்டு மேலே ரூமுக்குப் போனாங்க. காலைல டிபனும் இங்கதான்.”

அய்யப்பன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். வரும் வழியெல்லாம் ஹரிஷ்குமார்தான் ஆள் என்று அடித்துச் சொல்லிக்கொண்டு வந்தவன் அவன். ஒன்பது மணிக்கு இங்கே பிரியாணி தின்றவன் பதினொரு மணிக்கு எம். புதுப்பட்டியில் இருக்க வேண்டுமென்றால் ராக்கெட் வெடியில் உட்கார்ந்துதான் போயிருக்க வேண்டும்.

“முடிஞ்சது அக்கா” என்றான் மெதுவாக. “ஆளு இங்கனதான் இருந்திருக்கான். கற்பகவல்லிக்கு என்ன பதில் சொல்றது?”

“உனக்கு ஒரு பிரியாணி சொல்லு.”

“அக்கா, நான் மனுசன்க்கா. குடோன் இல்ல.”

“சொல்லுலே.”

பிரியாணி வந்தது. குவித்த சோற்றுக்கு மேலே ஒரு லெக்பீஸ் கொடிக்கம்பம் மாதிரி நின்றது. சண்முகத்தாய் போட்டோவைத் தட்டின் பக்கத்தில் வைத்தாள். படத்தில் இருந்த மூன்றாவது தட்டிலும் அதே பிரியாணி, அதே லெக்பீஸ், ஒரு பருக்கை கலையவில்லை.

“ஏங்க” என்று அவள் சர்வரைக் கூப்பிட்டாள். “இந்தப் போட்டோவை எடுத்தது யாரு?”

“நான்தாம்மா. சார் அவர் போனைக் குடுத்து, மூணு தட்டும், பின்னாடி கடிகாரமும் விழற மாதிரி எடுக்கச் சொன்னார்.”

அய்யப்பன் கையிலிருந்த கவளம் பாதி வழியில் நின்றது.

“இந்த மூணாவது தட்டை யாரு சாப்பிட்டா?”

“யாரும் சாப்பிடல. அம்மா ரூம்ல இருக்காங்க, இப்ப வருவாங்கன்னு சார் சொன்னார். வரவே இல்ல. ஆறிப்போச்சு. கடைசில பார்சல் கட்டிக் குடுத்தேன்.”

“மறுநாள் காலையில அந்தம்மாவைப் பாத்தீகளா?”

சர்வர் யோசித்தார். குல்லாவைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டும் யோசித்தார். “இல்லம்மா. சாரும் பாப்பாவும்தான் வந்தாங்க.”

சண்முகத்தாய் எழுந்துவிட்டாள். “வண்டியை எடு.”

“பிரியாணி?”

“பார்சல்.”

மலைப்பாதையில் இறங்கும்போது அய்யப்பன் வயிறு ஒவ்வொரு வளைவிலும் அவனைப் பழிவாங்கியது. சண்முகத்தாய் போட்டோவை அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

“பேக்கரிப் படம். அந்தம்மா மணிக்கட்டைப் பாரு. வாட்ச்சுக்குக் கீள.”

வாட்ச்சுக்குக் கீழே மஞ்சளாக ஒரு கோடு தெரிந்தது.

“காப்பு!” என்றான் அய்யப்பன். “எங்க வீட்டுலயும் இதே கயிறுதான்.”

“போன வருசம் அந்தப் பிள்ளை பிரீத்திகா காய்ச்சல்ல பொளைச்சு வந்துச்சே, அதுக்கு நேர்ந்துக்கிட்ட தீச்சட்டி. ஊருக்கே தெரியும். மத்தியானம் கேக்குல முட்டை இருக்கான்னு ஒவ்வொண்ணாக் கேட்ட பொம்பளைக்கு ராத்திரி லெக்பீஸ் எப்படி வந்துச்சு? அது புருசனோட மறதி. ஊர் எல்லையைத் தாண்டுனதும் அவருக்கு நாக்கு ஊறிருச்சு. தனக்குச் சொன்னதையே பொண்டாட்டிக்கும் சொல்லிட்டாரு.”

“அப்ப அந்தம்மா?”

“உன் பொண்டாட்டி கட்டியிருக்கால்ல, அவ ராத்திரி வெளியூர்ல தங்குவாளா?”

அய்யப்பன் பிரேக்கை மிதித்தான். நல்லவேளை, பின்னால் வண்டி எதுவும் இல்லை. காப்புக் கட்டியவர்கள் பகலில் எங்கு வேண்டுமானாலும் போகலாம். ராத்திரி படுக்க ஊர் எல்லைக்குள் வந்துவிட வேண்டும். போன வாரம் சொந்த அண்ணன் மகளின் கல்யாணத்திலிருந்துகூட, பந்தி முடியுமுன்னே அவன் மனைவி அவனை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். அவனுக்கு அப்பளம்கூட வரவில்லை.

“நாம புருசனையே தேடிக்கிட்டு இருந்தோம்” என்றாள் சண்முகத்தாய். “அவரு இங்கன உக்காந்து தட்டை எண்ணிக் காட்டுன ஆளு. கம்பெனி அந்தம்மாவோட அப்பா ஆரம்பிச்சது. மருந்து மூட்டையை அடுக்கச் சொன்னதும் அந்தம்மா. மத்தியானம் பேக்கரியில முகத்தைக் காட்டிட்டு, அப்பவே மலையிறங்கியாச்சு.”

அந்த நேரம் பார்த்து அய்யப்பனின் போன் அடித்தது. தெரியாத நம்பர். ஸ்பீக்கரில் போட்டான்.

“என்ன அண்ணாச்சி, பஃப் நல்லா இருந்துச்சா? மலையில எனக்கும் ஆள் இருக்கு.” ஹரிஷ்குமாரின் குரல் நிதானமாக வந்தது. “மலைக்குப் போனா ஏரியைப் பாக்கணும், எங்க வீட்டு எச்சித் தட்டைப் பாக்கக் கூடாது. வளைவு அதிகமான ரோடு. மெதுவா வாங்க. வராட்டியும் பரவாயில்ல.”

போன் அணைந்தது.  பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தபடி நெருங்கி வந்தது. அவன் வண்டியை ஓரம் கட்டினான். லாரி காரை உரசுவதுபோல் கடந்து போனது. லாரி நிறைய கேரட். அவன் தன்னையே திட்டிக்கொண்டான். ஆனாலும் பயம் பயம்தான். அடிவாரம் வரும்வரை அவன் ஜோக் எதுவும் அடிக்கவில்லை.

“அக்கா, இதை இன்ஸ்பெக்டர்கிட்ட சொன்னா?”

“நீ பார்சல் வாங்குறப்பவே போன்ல சொல்லிட்டேன். சுந்தரபாண்டி சிரிக்காரு. பிரியாணி தின்னாததுக்கெல்லாம் கேஸ் போட முடியாதுங்காரு. அந்தம்மா ஊருக்குள்ள இருந்ததைப் பாத்த சாட்சி வேணுமாம். அஞ்சு மணிக்குத் தனுஷ்கோடியை ஜீப்புல ஏத்துறாரு.”

“சாட்சிக்கு எங்க போறது? பதினொரு மணிக்கு அந்தக் காட்டுக்குள்ள யாரு இருந்திருப்பா?”

“காட்டுல வேண்டாம்” என்றாள் சண்முகத்தாய். “காப்புக் கட்டுன பொம்பளை விடியக்காலம் எங்க போவா?”

சிவகாசி எல்லையைத் தொட்டபோது மணி நாலரை. அம்மன் கோயில் தெருவில் வேப்பிலைத் தோரணத்துக்குக் கீழே பெண்கள் வரிசை நின்றது. எல்லோருக்கும் மஞ்சள் சேலை, ஈரத் தலை, இடுப்பில் குடம். காப்புக் கட்டிய நாளிலிருந்து தீச்சட்டி எடுக்கும் நாள் வரை, விடியலிலும் சாயங்காலத்திலும் குளித்துவிட்டு வந்து கொடிமரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவது அந்த ஊர் வழக்கம். ஒரு வேளையும் தவறக் கூடாது.

அய்யப்பன் தோரணத்துக்கு வெளியிலேயே நின்றுவிட்டான். வயிறு முழுக்க முட்டையும் கோழியுமாக உள்ளே கால் வைக்க அவனுக்குத் தைரியம் இல்லை.

வாசலில் வேப்பிலைக் கட்டு விற்கும் பஞ்சம்மாளிடம் சண்முகத்தாய் குனிந்தாள். “பட்டாசுக் கம்பெனி ஐஸ்வர்யாம்மா தண்ணி ஊத்த வாராகளா?”

“வராம? ஒரு வேளை தப்புனதில்ல” என்றாள் பஞ்சம்மாள். “பெரிய வீட்டுப் பொம்பளைன்னு பேருதான், வெறுங்காலோட வரும்.”

“ஞாயித்துக்கிழமை காலையில?”

“விடியுமுன்னே முத ஆளா வந்துச்சே. அன்னைக்கு இருந்துதான் ரெண்டு கொடம் ஊத்துது. ஒண்ணு பிள்ளைக்கு. இன்னொண்ணு யாருக்குன்னு கேட்டேன், கண்ணுல தண்ணி விட்டுச்சு. பதில் சொல்லல.”

“போலீஸ் யாரும் வந்து கேக்கலையா?”

“எங்ககிட்ட யாரு தாயி கேட்டா? அந்தம்மா மலைக்குப் போயிருந்துச்சுன்னே நீங்க சொல்லித்தான் தெரியும்.”

அய்யப்பன் விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். ஞாயிறு விடியலில் ஊருக்கே தெரிந்தது குடோன் எரிந்தது மட்டும்தான். கோட்டைச்சாமியை முள்ளுக்குள் கண்டதோ வெயில் ஏறிய பிறகு. அப்படியானால் விடியுமுன்னே இரண்டாவது குடம் ஊற்றியவளுக்கு முன்கூட்டியே என்ன தெரியும்? 

ஜீப் வந்து நின்றது. போகிற வழியில் ஒரே நிமிஷம் நிறுத்தச் சொல்லி சண்முகத்தாய் கெஞ்சியதற்காக, இன்ஸ்பெக்டர் சுந்தரபாண்டி வேண்டா வெறுப்பாக இறங்கினார். பின் இருக்கையில் தனுஷ்கோடி தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். வரிசையில் நின்ற கற்பகவல்லி அவனைப் பார்த்துவிட்டாள். அவளும் கணவனுக்காகக் குடம் ஏந்தி வந்திருந்தாள். ஓடி வரவில்லை. குடத்தை இறுக்கிப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

அப்போது தெருமுனையில் ஐஸ்வர்யா வந்தாள். வெறுங்கால். இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம்.

சண்முகத்தாய் கொடிமரத்தின் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். ஐஸ்வர்யா முதல் குடத்தை ஊற்றினாள். மகள் பெயரைச் சொல்லிக் கண்ணை மூடினாள். கண்ணைத் திறந்தபோது எதிரே சண்முகத்தாய்.

“தாயி, நான் குடோனைப் பத்திக் கேக்கல. சாவியைப் பத்தியும் கேக்கல” என்றாள் சண்முகத்தாய். குரல் தாழ்ந்திருந்தது. “ஞாயித்துக்கிழமை விடியக்காலம் இங்கன தண்ணி ஊத்துனீகளா? அது மட்டும் சொல்லுங்க.”

அவ்வளவுதான் கேள்வி. ஊற்றவில்லை என்றால் அவள் போலீசில் சொன்ன கதை நிற்கும். ஆனால் பிள்ளைக்காகக் கட்டிய காப்பு முறிந்தது என்று அம்மன் முன்னால், கொடிமரத்தைப் பார்த்து, தன் வாயாலேயே சொன்னதாகும். ஊற்றினேன் என்றால் மலை, பேக்கரி, மூன்றாவது தட்டு எல்லாம் ஒரே சொல்லில் சரிந்துவிடும்.   ஐஸ்வர்யாவின் கண்கள் ஜீப்புக்குப் போயின; கற்பகவல்லிக்குப் போயின; கடைசியில் தன் மணிக்கட்டுக்கு வந்தன.

போலீசிடம் எத்தனையோ சொன்னவள்தான். இங்கே பொய் சொல்ல வரவில்லை.

“ஊத்துனேன்” என்றாள்.

சுந்தரபாண்டி ஓரடி முன்னால் வந்தார்.

“ரெண்டாவது கொடம் யாருக்கு?” என்றாள் சண்முகத்தாய்.

“கோட்டைச்சாமிக்கு.” ஐஸ்வர்யா குடத்தைப் பார்த்துச் சொன்னாள். “உள்ள ஆள் இல்லன்னுதான் நெனச்சேன். லீவு குடுத்ததே நான்தான். திரியைப் பத்தவச்சுட்டு ரோட்டுக்கு வந்தப்புறம் அந்தச் சத்தம் கேட்டுச்சு. மனுசச் சத்தம். திரும்பிப் போகல. போயிருக்கணும். கால் வரல. மலையில இருந்து பஸ்ஸுல வந்தவ, குடோன்ல இருந்து நடந்தே ஊருக்குள்ள வந்தேன். என் பிள்ளையைக் காப்பாத்துன்னு கேட்ட இடத்துலயே அவரையும் கேட்டேன். வேற எங்க போய்க் கேப்பேன்?”

 அய்யப்பனுக்கு அவள்மேல் கோபம் வந்தது. கூடவே, சொல்ல வெட்கமாக இருந்தாலும், அழுகையும் வந்தது.

“போலாம்மா” என்றார் இன்ஸ்பெக்டர்.

“இதை மட்டும் ஊத்திக்கிடுறேன்.” இரண்டாவது குடத்தைத் தூக்கினாள். ஊற்றாமல் பாதியில் இறக்கினாள்.  பக்கத்தில் நின்ற கற்பகவல்லியிடம் குடத்தை நீட்டினாள். “நீ ஊத்தும்மா. நான் ஊத்தி அது சேருமோ என்னமோ.”

கற்பகவல்லி குடத்தை வாங்கவில்லை. இன்ஸ்பெக்டரைத் திரும்பிப் பார்த்தாள்.

“மொதல்ல எங்க வீட்டுக்காரரைக் கீள எறக்கி விடுங்க.”

சுந்தரபாண்டி ஒரு நொடி தயங்கினார். கூட்டம் மொத்தமும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. ஜீப்பிலிருந்த கான்ஸ்டபிளுக்குக் கையசைத்தார். தனுஷ்கோடி இறங்கினான். இரண்டு ராத்திரி தூங்காத கண்களோடு, வெயிலில் கூசிக்கொண்டு, எங்கே நிற்பது என்று தெரியாமல் ஜீப்பின் பக்கத்திலேயே நின்றான்.

அவன் கால் தரையில் பட்டதைப் பார்த்த பிறகுதான் கற்பகவல்லி கையை நீட்டிக் குடத்தை வாங்கினாள். தன் வீட்டு ஓட்டில் விழுந்த கல்லை அவள் மறந்திருக்க மாட்டாள். ஆனாலும் கோட்டைச்சாமியின் பெயரை ஊருக்கே கேட்கும்படி உரக்கச் சொல்லி, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் கொடிமரத்தடியில் ஊற்றினாள்.